பாட்டு வகுப்பு: வாத்தியார் வீடா, வீடியோ அழைப்பா, யூடியூபா?

கர்நாடக சங்கீதம் கற்க மூன்று வழிகளையும் முயன்று பார்த்தவன் நான். செலவு என்று வந்தால் யூடியூபை எதுவும் வெல்ல முடியாது. கற்றது நிற்கிறதா என்பதில்தான் வழக்கே.

வீடியோ அழைப்பில் முதல் சிக்கல், ஒலி பிந்தி வருவது. நொடியில் பத்தில் ஒரு பங்கு பிந்தினாலே ஆதி தாளம் ஆட்டம் கண்டுவிடும். வாத்தியார் தாளம் போட, மாணவர் கூடவே பாட முடியாது. அவர் பாடி நிறுத்த வேண்டும், இவர் திருப்பிப் பாட வேண்டும், வேதபாடசாலையில் குரு சொல்லச் சீடர்கள் திருப்பிச் சொல்லும் ‘சந்தை’ முறைபோல. நம் பாடமுறையே பெரும்பாலும் அப்படித்தான் என்பதால் பிழைத்தோம். ஆனால் நேரில் வாத்தியாரின் குரலைப் பிடித்துக்கொண்டு மேல் ஸ்தாயிக்கு ஏறும் சுகம் இதில் கிடையாது. இன்னொன்று, பாட்டுக்குச் சுருதி தரும் தம்புரா. இடைவிடாமல் ஒலிக்கும் நாதத்தை இரைச்சல் என்று எண்ணிச் செயலிகள் வடிகட்டிவிடுகின்றன! ஸூமில் ‘ஒரிஜினல் சவுண்ட்’ அமைப்பை இயக்கிவிட்டு, இரு பக்கமும் ஒரே கட்டையில் (சுருதியின் உயரம்) தனித்தனித் தம்புரா வைத்துக்கொள்வது நல்லது.

யூடியூபுக்கு ஒரு வரம் உண்டு: சுருதி மாறாமல் வேகத்தைப் பாதியாகக் குறைக்கலாம். தோடி ராகத்தின் காந்தாரம், அதாவது ‘க’ ஸ்வரம், எங்கிருந்து எங்கே அசைகிறது என்பது அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. ஒரே சங்கதியை, அதாவது ஒரு வரியின் ஒரு மாறுபாட்டை, இருபது முறை முகம் சுளிக்காமல் பாடிக்காட்டும் வாத்தியாரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

ஆனால் அது நம்மைக் கேட்பதில்லை. மோகன ராக வர்ணம் ஒன்றை வீடியோ பார்த்தே முழுதாகப் பாடம் செய்துகொண்டு வாத்தியாரிடம் போனேன். முதல் ஆவர்த்தனத்திலேயே நிறுத்தினார். தைவதம் (‘த’ ஸ்வரம்) சுருதி இறங்கியிருந்ததாம், எல்லா இடத்திலும். முதலிலிருந்து கற்றிருந்தால் மூன்று வாரம்; கற்றதை மறக்க மூன்று மாதம் ஆயிற்று. கட்டையும் பொருந்தாது. ஒரு கட்டையில் பாடும் ஆண் குரலோடு ஐந்து கட்டைப் பெண் பாடினால் தொண்டைதான் புண்ணாகும். பல்லவியை ஒருவரிடமும் அனுபல்லவியை இன்னொருவரிடமும் எடுத்தால் பாடாந்தரம், அதாவது குருவழி வந்த பாட்டின் வடிவம், கதம்பமாகிவிடும்.

சரளி வரிசை முதல் அலங்காரம் வரையான தொடக்கப் பயிற்சிகள், முடிந்தால் நேரில்தான். வாய் திறக்கும் விதமும் மூச்சு விடும் இடமும் படியும் காலம் அது. திரையில் பாதி தெரிவதில்லை. கீதம், வர்ணம் என்று வந்தபின் வீடியோ அழைப்பு போதும். டொரன்டோவில் இருப்பவர்களுக்கு வேறு வழியும் குறைவு. சென்னையில் விடிகாலை ஆறு மணி வகுப்பு அவர்களுக்கு முந்தைய நாள் இரவில் அமைந்துவிடுகிறது. யூடியூப், வாத்தியார் சொல்லிக்கொடுத்த கீர்த்தனையை மெதுவாக்கிக் கேட்க.

அது மட்டும்தான் கதி என்றால், தம்புரா செயலியைப் போட்டுப் பாடி, கைபேசியில் பதிவுசெய்து மறுநாள் கேளுங்கள். அன்றைக்கே கேட்டால் நன்றாகத்தான் இருக்கும்.