கண்ணுல பொறை: சாதா லென்ஸா, மல்டிஃபோகலா?

போன தை மாசம் வலது கண்ணுக்கு பொறை ஆபரேஷன் முடிஞ்சுது. அதுக்கு முந்தி கவுன்சிலிங் ரூம்ல உக்கார வெச்சு, கண்ணுக்குள்ள வைக்கற லென்ஸ் அட்டையை நீட்டி, "மோனோஃபோகலா மல்டிஃபோகலா, எது வைக்கலாம் சார்"னு அந்தப் பொண்ணு கேட்டுச்சு பாருங்க, அதுதான் பெரும்பாடு, சாதா தோசையா மசாலாவான்ற மாதிரி.

தையல் இல்ல, அன்னைக்கே வீட்டுக்கு, ஒரு மாசத்துக்கு மேல சொட்டு மருந்து, இதெல்லாம் எதை வெச்சாலும் ஒண்ணுதான். சாதா லென்ஸ்னா, அதான் மோனோஃபோகல், தூரம் தெளிவா இருக்கும், படிக்க கண்ணாடி வேணும். மல்டின்னா பெரும்பாலும் கண்ணாடி வேணாம், ஆனா எனக்குச் சொன்ன கணக்கு மூணு மடங்கு. சாதா லென்ஸ் மட்டம்னு நெனைக்காதீங்க, நம்ம மதுரை ஆரோலேப்ல 1992-ல இருந்தே செய்றாங்க, வெளிநாட்டுக்கும் போகுது.

காசுகூட மகன் குடுக்கறேன்னான். நான் சாதா லென்ஸே போதும்னு முடிவு பண்ண வெச்சது ராத்திரிதான். எனக்குக் காய்கறிக்கடை, விடிகாலை 3 மணிக்கு டிவிஎஸ் எக்ஸெல்லை எடுத்துட்டு மாட்டுத்தாவணி மார்க்கெட் போகணும், எதுத்தாப்ல வர்ற லாரி பூரா ஹை பீம், டிம் பண்ற வழக்கமே எவனுக்கும் கெடையாது. மல்டிஃபோகல் லென்ஸ்ல வளையம் வளையமா இருக்கும், உள்ள வர்ற வெளிச்சத்தை தூரத்துக்குக் கொஞ்சம் கிட்டத்துக்குக் கொஞ்சம்னு பங்கு போடும். பகல்ல தெரியாது, இருட்டுலதான் பங்கு பத்தாம குழியும் ரோடும் ஒண்ணாத் தெரியும், லைட்டைச் சுத்தி வட்டம் வேற. என் மச்சான் மல்டிதான் வெச்சிருக்காரு, பேப்பரு செல்லு எல்லாம் கண்ணாடி இல்லாம படிக்கறாரு, பாக்கப் பொறாமையாத்தான் இருக்கு, ஆனா ராத்திரி கார் எடுத்தா ஒவ்வொரு ஹெட்லைட்டும் சாமி படத்து ஒளிவட்டம் மாதிரி இருக்குன்றாரு. போகப் போக குறைஞ்சிருக்காம். பலருக்குப் பழகிடும், பழகாதவங்களும் இருக்காங்க, நான் ரெண்டு பேர் கண்ணை வெச்சுத்தான் பேசறேன்.

பழகலேன்னா லென்ஸை மாத்தலாம், ஆனா மாசக்கணக்கு ஆச்சுன்னா அது கண்ணுக்குள்ள லென்ஸைத் தாங்கற பையோட ஒட்டிக்கும், எடுக்கறது முதல் ஆபரேஷன் மாதிரி லேசு இல்ல. படிக்கற கண்ணாடி தொலைஞ்சா இன்னொண்ணு வாங்கிக்கலாம், நான் இதுவரைக்கும் ரெண்டு தொலைச்சாச்சு.

ராத்திரி வண்டி தொடாதவங்க, நாள் பூரா படிக்கறவங்கன்னா மல்டி நல்லாவே ஒத்துவரும். சர்க்கரையால விழித்திரை கெட்டிருந்தாலோ கண் பிரஷர் நோய் இருந்தாலோ பெரும்பாலும் டாக்டரே வேணாம்னுருவாரு.

கண்ணாடி தொந்தரவே இல்லைன்னு சொல்ல மாட்டேன். வெண்டைக்கா முத்தலா பிஞ்சான்னு கை சொல்லிரும், தராசு நம்பருக்குத்தான் நெத்தியில இருந்து எறக்க வேண்டியிருக்கு. ஐப்பசியில இடது கண்ணு, அதே சாதா லென்ஸ்லயே பவரைக் கொஞ்சம் கிட்டத்துக்குத் தள்ளி வெச்சா தராசு தெரியும்ன்றாரு டாக்டரு. ரெண்டு கண்ணுக்கும் வித்தியாசம் ஒத்துக்குமான்னு ட்ரையல் பாக்கச் சொல்லியிருக்கேன், அதுவும் வெளக்க அணைச்சுட்டு.