டிராவல்ஸ்டார் 7கே1000: லேப்டாப்பில் ஒரே டிஸ்க்குக்குத்தான் இடம் என்றால்

பழைய லேப்டாப்பில் ஹெச்ஜிஎஸ்டி நிறுவனத்தின் டிராவல்ஸ்டார் 7கே1000 ஹார்ட் டிஸ்க் ஓடிக்கொண்டிருக்கிறது. 1 டிபி, 7200 ஆர்பிஎம் (தட்டு நிமிடத்துக்குச் சுற்றும் சுற்றுகள்; சாதாரண லேப்டாப் டிஸ்க்கில் 5400), 2012-ல் வந்த மாடல். 2 டிபி கிடைக்கும்போது பாதி இடத்துக்கு ஏன் காசு என்று பலரும் கேட்கிறார்கள், நியாயமான கேள்விதான்.

முதலில் ஒன்று. 7200 போட்டால் லேப்டாப் பறக்கும் என்று நம்பி வாங்காதீர்கள். தேடும் இடம் ஹெட்டுக்கு (தட்டில் படித்து எழுதும் முனை) கீழே சுற்றி வர 5400-ல் சராசரியாக 5.6 மில்லிவினாடி, 7200-ல் 4.2. ஆனால் அதற்கு முன்பே ஹெட் சரியான தடத்துக்கு நகர இரண்டிலும் 12 மில்லிவினாடி அளவில் போய்விடுகிறது, ஆகமொத்தம் விண்டோஸ் திறக்கும்போது கொஞ்சம் சுறுசுறுப்பு தெரியும், அவ்வளவுதான். பெரிய கோப்புகளைப் படிப்பதில் தட்டில் தகவல் எவ்வளவு நெருக்கமாக இருக்கிறது என்பதும் சேர்ந்து வேலை செய்யும்; பழைய 320 ஜிபி 7200-ஐ புதிய 1 டிபி 5400 முந்திவிடும்.

அப்புறம் ஏன் இது? எழுதும் வேகத்துக்காக. லேப்டாப்புக்கென்று 7 மி.மீ. தடிமனில் வரும் 2 டிபி டிஸ்க்குகள் எஸ்எம்ஆர் வகை, வீட்டுக்கூரை ஓடு மாதிரி ஒரு தடத்தின் மேல் அடுத்த தடம் ஏறி நிற்கும், ஒன்றை மாற்ற வேண்டுமானால் பக்கத்தில் இருப்பதையும் திருப்பி எழுதியாக வேண்டும். கல்யாண வீடியோ ஃபோல்டர் ஒன்றை அதில் காப்பி போட்டுப் பாருங்கள்: ஆரம்பத்தில் வினாடிக்கு 100 எம்பியைத் தாண்டி நிற்கும், காப்பி வேகத்தைக் காட்டும் பச்சைக் கோடு கொஞ்ச நேரத்தில் சடாரென்று தரைக்கு வந்துவிடும், அந்த நேரம் பார்த்து விண்டோஸ் அப்டேட்டும் ஓடினால் மவுஸைத் தவிர எதுவும் நகராது. 7கே1000 தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத பழைய முறையில் எழுதுவது, இந்தத் தொல்லை இல்லை.

குறையும் உண்டு. கை வைக்கும் இடம் லேசாகச் சூடாகிறது, அமைதியான அறையில் மெல்லிய அதிர்வு கேட்கிறது. தடிமன் 9.5 மி.மீ., மெலிதான லேப்டாப்பில் நுழையாது, அளந்து பார்த்துவிட்டு வாங்குங்கள்.

சுழலும் தட்டே இல்லாத எஸ்எஸ்டி போட முடிந்தால் தயங்காமல் போடுங்கள், தேடும் நேரம் 0.1 மில்லிவினாடிக்கு இறங்கிவிடும், டிவிடி டிரைவைக் கழற்றி அந்த இடத்தில் கேடியில் (டிஸ்க்கைப் பொருத்தும் சட்டம்) 2 டிபி 5400-ஐ வைத்துக்கொள்ளலாம், படம் பாட்டு சேமிக்க அது தாராளம். ஒரே டிஸ்க், அதிலேயே விண்டோஸும் வேலையும் என்றால் எனக்கு 7கே1000தான். இப்போது கடைகளில் கிடைப்பதில் பழைய லேப்டாப்பிலிருந்து கழற்றி விற்பது நிறைய, டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் எத்தனை மணிநேரம் ஓடியிருக்கிறது என்று பார்க்க விடாத கடையில் வாங்க வேண்டாம்.