14,800 ரூபா ஃபீவர் பேக்கேஜ், தயவுசெஞ்சு யாரும் நம்பிடாதீங்க

ஆஸ்பத்திரி வராண்டால உக்காந்து டைப் பண்றேன், கை இன்னும் நடுங்குது. எங்க வீட்டுக்காரர் ரைஸ்மில் மெஷின் மாட்டுற வேலைக்கு தாய்லாந்துல உபோன் ராட்சதானி போயிட்டு போன மாசம்தான் திரும்புனார். அங்க நல்ல மழையாம், வயக்காட்டு சேத்துல வெறும் செருப்போட நடந்திருக்கார், குதிகால்ல வெடிப்பு வேற. 12 வருஷ சுகர். வந்த நாலாம் நாள் குளிர் காய்ச்சல், 103.

வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்குற ஒரு ஆப்ல "ஃபாரின் ரிட்டர்ன் ஃபீவர் பேக்கேஜ்" 14,800னு போட்டிருந்தான். டெங்கு, மலேரியா, டைஃபாய்டு, எலிக்காய்ச்சல், பிளட் கல்ச்சர் (ரத்தத்துல கிருமி வளருதான்னு வச்சுப் பாக்குற டெஸ்ட்) எல்லாம் சேத்து. போன்ல பேசுன பையன் "அக்கா, எங்கப்பாவா இருந்தா நான் இதத்தான் எடுக்கச் சொல்வேன்"னான். அந்த ஒரு வார்த்தையில விழுந்துட்டேன், உடனே பணத்த அனுப்பிட்டேன். வந்த தம்பி ஊதா மூடி டியூப் ஒண்ணு, மஞ்ச மூடி ஒண்ணு, அவ்வளவுதான் எடுத்தார். மறுநாள் சாயங்காலமே ரிப்போர்ட், கல்ச்சர்ல ஒண்ணும் வளரல, ஃபைனல்னு. அத நம்பி தெருமுனை கிளினிக்ல வைரல்னு மாத்திரை குடுத்தாங்க. அஞ்சு நாள் போச்சு. மூச்சு வாங்க ஆரம்பிச்சதும் அள்ளிப் போட்டுக்கிட்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுனோம்.

அங்க நர்ஸ் ரெண்டு கையிலயும் ரத்தம் எடுத்து, உள்ள தண்ணி மாதிரி மருந்து இருந்த குட்டி பாட்டில்ல ஏத்துனாங்க. என்னன்னு கேட்டேன். "இதாம்மா கல்ச்சர் பாட்டில், அஞ்சு நாள் வச்சுப் பாத்துட்டுத்தான் வளரலன்னே சொல்வாங்க"ன்னாங்க. அப்ப ஒரே நாள்ல ஃபைனல்னு குடுத்தானே, அது என்ன? கல்ச்சரே பண்ணலடா பாவி!

மூணாம் நாள் கிருமி வளந்துடுச்சு. மெலியாய்டோசிஸ். மண்ணு, சேத்துத் தண்ணியில இருக்குற பாக்டீரியா, சுகர்காரங்களத்தான் ரொம்பப் பிடிக்குமாம், எக்ஸ்ரேல பாத்தா டிபி மாதிரியே இருக்கும், வழக்கமா குடுக்குற ஆன்டிபயாடிக் நிறைய இதுக்கு கேக்காது. புதுசும் இல்ல, ரங்கூன்ல விட்மோர், கிருஷ்ணசாமினு ரெண்டு டாக்டருங்க 1912லயே எழுதி வச்சதுன்னு டாக்டர் சொன்னார். இப்ப மெரோபெனம் ஊசி குறைஞ்சது ரெண்டு வாரம், அப்புறம் மூணு மாசம் மாத்திரை. அந்த அஞ்சு நாள யாரு திருப்பித் தருவா?

ஆப்புக்கு போன் பண்ணா "கம்ப்ளெய்ன்ட் டிக்கெட் போட்டாச்சு மேடம்". ரெண்டு நாள்ல டிக்கெட் க்ளோஸ்டுன்னு மெசேஜ். திரும்ப அடிச்சா "லேப் வேற, நாங்க வேற". அக்கான்னு கூப்பிட்ட பையன் நம்பர பிளாக் பண்ணிட்டான். கடைசியா 500 ரூபா கூப்பன் அனுப்புறான், அடுத்த டெஸ்ட்டுக்காம். 14,800 ரூபா எங்க, 500 எங்க! அது என் நகைச்சீட்டுக் காசு.

என்னென்ன பாக்கணும்னு விவரமா எழுதலாம்னுதான் ஆரம்பிச்சேன், முடியல. கல்ச்சர்னா பாட்டில்ல எடுக்குறாங்களான்னு பாருங்க. ஒரே நாள்ல ஃபைனல் குடுத்தா நம்பாதீங்க. எந்த ஊர் போனீங்க, சேத்துல இறங்குனீங்களா, சுகர் இருக்கா, இத டாக்டர்ட்ட அவர் கேக்காட்டியும் சொல்லிடுங்க, நான் சொல்லல. சுகர் இருக்கவங்க அந்த மாதிரி வயக்காட்டுல மழைல வேல பாத்தா பூட்ஸ் போடுங்க. பில்லு, ரிப்போர்ட் எதையும் டெலீட் பண்ணாதீங்க, நாளைக்கு கன்ஸ்யூமர் கோர்ட்டுக்கு அதத்தான் எடுத்துட்டு போறேன். டிரிப் முடிஞ்சிருச்சு போல, நர்ஸக் கூப்பிடணும்.