பழைய டீசல் பிக்கப்பில் இழுவை குறைந்தால்: ஸ்கேனரா, பிரஷர் கேஜா, மல்டிமீட்டரா?

பழைய டீசல் பிக்கப் டிரக் ஏற்றத்தில் திணறுகிறது, அல்லது ஆக்சிலரேட்டரை மிதித்தாலும் இன்ஜின் ஐடிலிலேயே நிற்கிறது. உடனே பெரும்பாலானோர் தேடுவது ஸ்கேனரைத்தான், அதாவது வண்டியின் கம்ப்யூட்டரில் உள்ளதைப் படித்துக் காட்டும் கருவியை. இன்னொரு சாரார் எந்தச் சோதனையும் இல்லாமல் இன்ஜெக்ஷன் பம்பை (இன்ஜினுக்கு டீசலை அளந்து அனுப்பும் பம்ப்) மாற்றச் சொல்வார்கள். என் வரிசை வேறு. இழுவை குறைந்தால் முதலில் பிரஷர் கேஜ். மிதிக்கு இன்ஜின் பதில் சொல்லாவிட்டால் முதலில் மல்டிமீட்டர். ஸ்கேனர் இரண்டுக்கும் துணை, பாகத்தை மாற்றிப் பார்ப்பது கடைசி. ஒரே ஒரு இன்ஜினுக்கு மட்டும் இந்த வரிசையைத் தலைகீழாக்குவேன், அது கீழே வருகிறது.

இந்த இரண்டு புகாரையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதில்தான் பாதிப் பணம் போகிறது. பழைய டீசலில் பெட்ரோல் வண்டி போலக் காற்றை அடைக்கும் த்ராட்டில் தட்டு பெரும்பாலும் கிடையாது. எவ்வளவு டீசல் உள்ளே போகிறதோ அவ்வளவு சக்தி. மிதி செய்வதெல்லாம் எவ்வளவு டீசல் வேண்டும் என்று பம்புக்கோ கம்ப்யூட்டருக்கோ சொல்வது மட்டும்தான். அந்தச் சொல் போய்ச் சேராமல் இருப்பது ஒரு கோளாறு: திடீரென்று வரும், சாவியை அணைத்துப் போட்டால் சில சமயம் தானாகவே சரியாகிவிடும். சொல் சேர்ந்தும் டீசலோ காற்றோ போதாமல் இருப்பது இன்னொன்று: மெல்ல மெல்ல வரும், லோடு ஏற்றும்போதும் ஏற்றத்திலும்தான் தெரியும்.

காசு செலவில்லாத சோதனை ஒன்று உண்டு, புகை. இழுவை இல்லை, பின்னால் கருப்பாகப் புகைகிறது என்றால் டீசல் போகிறது, காற்று போதவில்லை. இழுவையும் இல்லை, புகையும் இல்லை என்றால் டீசலே போதவில்லை. சூடான இன்ஜினில் டீசல் வாடையோடு வெள்ளைப் புகை வந்தால் டைமிங்கையும் (டீசல் பீய்ச்சும் நேரம்) இன்ஜெக்டரையும் (டீசலைப் பீய்ச்சும் முனை) சந்தேகிக்கலாம். எந்தக் கருவியை முதலில் எடுப்பது என்பதைப் பல நேரம் இந்தப் புகையே சொல்லிவிடும்.

அலசலுக்கு மூன்று இன்ஜின்களை எடுத்துக்கொள்கிறேன், மூன்றும் வெவ்வேறு விதமாக வேலை செய்பவை. 1994 முதல் 1998 வரை டாட்ஜ் ராமில் வந்த 12 வால்வு கம்மின்ஸ் 5.9 லிட்டர், பாஷ் பி7100 பம்ப், முழுக்க மெக்கானிக்கல். 1998 நடுவிலிருந்து 2002 வரை வந்த 24 வால்வு கம்மின்ஸ், பாஷ் விபி44 பம்ப், கம்ப்யூட்டர் கட்டுப்பாடு. 1994 நடுவிலிருந்து 2003 வரை வந்த ஃபோர்டு 7.3 பவர்ஸ்ட்ரோக். விஇ வகை சுழல் பம்ப் வைத்த பழைய பிக்கப்களை முதல் வகையோடு சேர்த்துக்கொள்ளலாம்.

ஸ்கேனர்

12 வால்வு இன்ஜினில் டீசல் அளவைப் பற்றி ஸ்கேனருக்குச் சொல்ல எதுவும் இல்லை. அங்கே மிதியிலிருந்து கேபிள் நேராகப் பம்பின் லீவருக்குப் போகிறது. ஒருவரை உள்ளே உட்கார்ந்து முழுக்க மிதிக்கச் சொல்லிவிட்டு, லீவர் அதன் கடைசி ஸ்டாப்பைத் தொடுகிறதா என்று பானட்டைத் திறந்து பார்த்தால் போதும். கேபிள் தளர்ந்திருக்கலாம், மிதிக்கு அடியில் மேட் சுருண்டிருக்கலாம். சிரிப்பாக இருக்கும், ஆனால் பம்பைக் கழற்றும் முன் இதைப் பார்க்காதவர்கள் நிறைய.

24 வால்வில் ஸ்கேனருக்கு வேலை உண்டு. ஸ்கேனர் கையில் இல்லாவிட்டாலும், சாவியை ஆன்-ஆஃப் என்று வேகமாக மாற்றி மூன்றாவது முறை ஆனில் விட்டால் ஓடோமீட்டரிலேயே கோளாறுக் கோடு (code, கோளாறைச் சொல்லும் குறியீட்டு எண்) தெரியும். பி0121, பி0122, பி0123 வந்தால், மிதி எவ்வளவு அழுந்தியிருக்கிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும் பெடல் சென்சார் பக்கம் திரும்பலாம். இன்ஜின் ஓடாமல் சாவி ஆனில் இருக்கும்போது மேனிஃபோல்ட் பிரஷர் (இன்ஜினுக்குள் போகும் காற்றுக் குழாயின் அழுத்தம்) அளவையும் பாருங்கள். அது வெளிக்காற்றழுத்தத்தோடு ஒத்துப்போக வேண்டும், கடல் மட்டத்தில் சுமார் 14.7 பிஎஸ்ஐ (psi, அழுத்தத்தின் அலகு). ஒத்துப்போகாவிட்டால் சென்சாரே பொய் சொல்கிறது.

ஸ்கேனரின் குருட்டுப் புள்ளி வேறிடத்தில். டேங்கிலிருந்து விபி44-க்கு டீசல் தள்ளும் லிஃப்ட் பம்பின் பிரஷரை அளக்க அந்த வண்டியில் சென்சாரே கிடையாது. லிஃப்ட் பம்ப் பாதி செத்த நிலையில் வண்டி மாதக்கணக்கில் ஓடும், ஒரு கோடும் வராது. விபி44 தன் வழியாகப் போகும் டீசலால்தான் குளிர்கிறது, உயவும் அதுவேதான். வரத்து குறைந்தால் உள்ளே தேய்மானம் தொடங்கும். பி0216 என்ற டைமிங் கோடு கண்ணில் படும்போது பெரும்பாலும் பம்ப் போய்விட்டிருக்கும். அந்தக் கோடு பம்ப் கெட்டதைச் சொல்லும், கெடுத்தவர் யார் என்று சொல்லாது. அதை மட்டும் நம்பி புதுப் பம்ப் மாட்டினால், அதே நோஞ்சான் லிஃப்ட் பம்ப் புதியதையும் தின்றுவிடும்.

பிரஷர் கேஜ்

ஸ்கேனருக்குத் தெரியாத இடத்தை இது பார்க்கிறது, அதனால்தான் என் வரிசையில் முன்னால் நிற்கிறது. ஃபில்டருக்குப் பிறகு, இன்ஜெக்ஷன் பம்புக்குள் நுழையும் முன் ஒரு டி இணைப்பு போட்டு கேஜை மாட்டுங்கள். 24 வால்வில் ஐடிலில் 10 பிஎஸ்ஐக்குக் குறையக் கூடாது. ஆனால் ஐடில் அளவை மட்டும் பார்த்துத் திருப்தியடைவது வீண். லோடோடு ஏற்றத்தில் முழுக்க மிதித்து முள்ளைப் பார்க்க வேண்டும். அங்கே 5-க்குக் கீழே இறங்கினால் அந்தப் பம்பின் ஆயுள் எண்ணப்படுகிறது என்று அர்த்தம்.

பிரஷர் இறங்குகிறது என்றால் லிஃப்ட் பம்ப்தான் குற்றவாளி என்று உடனே முடிவுகட்டவும் வேண்டாம். ஃபில்டருக்கு முன்னும் பின்னும் அளந்து பாருங்கள். முன்னால் நன்றாக இருந்து பின்னால் குறைந்தால் ஃபில்டர். இரண்டு இடத்திலும் குறைந்தால் லிஃப்ட் பம்ப், அல்லது அதற்கும் முன்னால் டேங்க் வலையில் அழுக்கு, டேங்க் வென்ட் (டேங்குக்குள் காற்று போகும் துளை) அடைப்பு. மூடியைத் திறந்து வைத்து ஓட்டும்போது பிரஷர் ஏறினால் வென்ட்தான்.

இன்னொன்று காற்று உறிஞ்சல். டேங்குக்கும் லிஃப்ட் பம்புக்கும் நடுவே ஹோஸில் விரிசல் இருந்தால் வெளியே டீசல் சொட்டவே வேண்டியதில்லை, உள்ளே காற்றுதான் போகும். பம்புக்கு முன்னால் உள்ளே தெரியும்படியான ஒளிபுகும் ஹோஸ் ஒரு துண்டு மாட்டிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பதைவிட எளிய சோதனை இதற்குக் கிடையாது.

கேஜின் குறைகளையும் சொல்லிவிட வேண்டும். லைனில் அடிக்கும் துடிப்பு மலிவான கேஜையும் சென்டரையும் (sender, அழுத்தத்தை மின் சிக்னலாக அனுப்பும் பாகம்) சீக்கிரம் கொன்றுவிடும். நடுவே ஒரு சின்ன ஊசி வால்வு வைத்துக் கொஞ்சமாகத் திறந்து விடுங்கள். டீசல் ஹோஸை நேராகக் கேபினுக்குள் கொண்டுவராதீர்கள், மின் சென்டர் உள்ள கேஜ் நல்லது. அப்புறம், இதெல்லாம் குறைந்த அழுத்த லைனுக்கு மட்டும். இன்ஜெக்டர் லைனில் கசிவைக் கையால் தடவிப் பார்க்கவே கூடாது, அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும்.

கருப்புப் புகை என்றால் தேவை பூஸ்ட் கேஜ், அதாவது டர்போ தள்ளும் காற்றின் அழுத்தத்தை அளக்கும் கேஜ். மாற்றம் செய்யாத 5.9 இன்ஜினில் முழு லோடில் ஏறத்தாழ 18-20 பிஎஸ்ஐ வரும். பாதிதான் வருகிறதென்றால் ஏர் ஃபில்டர், இன்டர்கூலர் ஹோஸ், கிளாம்ப் எல்லாவற்றையும் பாருங்கள். டர்போவின் நுழைவாயை அடைத்து, வழக்கமான பூஸ்ட் அளவைத் தாண்டாமல் காற்றடித்து, இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தெளித்தால் ஓட்டை நுரைத்துக் காட்டும். பி7100 பம்பில் பூஸ்ட் அழுத்தத்தைக் கொண்டுவரும் சின்ன ஹோஸ் கழன்றாலோ உள்ளே உள்ள டயாஃப்ரம் (சவ்வு) கிழிந்தாலோ பம்ப் டீசலைக் கூட்டாது. அப்போது புகையும் இருக்காது, இழுவையும் இருக்காது.

மல்டிமீட்டர்

24 வால்வு ராமில் கண் ஏமாறும். மிதியிலிருந்து கேபிள் ஒன்று இன்ஜினுக்குப் போகிறது, ஆனால் அது பம்புக்குப் போகாமல் சென்சாரில் முடிகிறது. கேபிள் நன்றாக நகர்கிறது என்பதால் மிதி சரி என்று சொல்ல முடியாது. 5 வோல்ட் வருகிறதா, எர்த் சுத்தமா என்று முதலில் பாருங்கள். பிறகு சிக்னல் வயரில் அளந்துகொண்டே மிக மெதுவாக மிதியுங்கள். அரை வோல்ட்டுக்கு அருகில் தொடங்கி நடுவில் எங்கும் விழாமல் ஏற வேண்டும். கண் இமைக்கும் நேரத்தில் விழுந்து எழுவதை டிஜிட்டல் மீட்டர் தவறவிடும், இதற்கு முள் வைத்த பழைய மீட்டரே மேல். சென்சாரில் ஐடில் ஸ்விட்ச் ஒன்றும் உண்டு. அது சொல்வதும் வோல்ட்டேஜ் சொல்வதும் ஒத்துப்போகாவிட்டால் கம்ப்யூட்டர் இன்ஜினை ஐடிலில் பூட்டிவிடும்.

சென்சாரைக் குற்றம் சொல்லும் முன் இன்ஜின் ஓடும்போது மீட்டரை ஏசி வோல்ட்டில் (AC, மாறுதிசை மின்சாரம்) வைத்துப் பேட்டரியை அளந்து பாருங்கள். 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் ஆல்டர்னேட்டர் டயோடு ஒழுகுகிறது. அந்த இரைச்சல் பெடல் சிக்னலில் கலந்து மிதியும் கியரும் பேய் பிடித்ததுபோல நடந்துகொள்ளும். மூன்றாவது சென்சார் மாற்றியும் தீராத வண்டிகளில் இதுதான் எனக்கு முதல் சந்தேகம்.

மாற்றிப் பார்ப்பது

ஃபில்டர், ஹோஸ், கிளாம்ப் இவற்றைச் சோதிக்காமலே மாற்றலாம், சோதிக்கும் நேரத்தைவிட மலிவு. சென்சாரையும் பம்பையும் அப்படி மாற்றக் கூடாது. 24 வால்வில் பெடல் சென்சார் மாற்றினால் ஸ்டார்ட் செய்யாமல் சாவி ஆனில் வைத்து, மிதியை மெதுவாக முழுக்க அழுத்தி, மெதுவாக விட்டு, சாவியை அணைக்க வேண்டும். இதைச் செய்யாமல் புதுச் சென்சாரும் கெட்டது என்று திருப்பிக் கொடுப்பவர்கள் உண்டு.

வரிசை தலைகீழாகும் இடம்

7.3 பவர்ஸ்ட்ரோக்கில் இன்ஜெக்டரை இயக்குவது இன்ஜின் ஆயிலின் உயர் அழுத்தம். சுமார் 500 பிஎஸ்ஐ வராமல் அது ஸ்டார்ட்டே ஆகாது, முழு லோடில் 2,500-ஐத் தாண்டும். இந்த அழுத்தத்துக்குச் சென்சார் இருப்பதால் இங்கே ஸ்கேனர்தான் ராஜா. பிரஷர் ரெகுலேட்டருக்குக் கம்ப்யூட்டர் கொடுக்கும் கட்டளையின் சதவீதம் ஏறிக்கொண்டே போய், ஆயில் அழுத்தம் மட்டும் இறங்கினால் உள்ளே எங்கோ ஆயில் கசிகிறது, அல்லது உயர் அழுத்தப் பம்ப் தளர்ந்திருக்கிறது. சென்சாரின் பிளக்கைக் கழற்றியதும் வண்டி நன்றாக ஓடினால் சந்தேகம் சென்சார் மேல்தான், ஏனென்றால் அப்போது கம்ப்யூட்டர் தன் உத்தேச மதிப்பில் ஓட்டுகிறது. ஓடிக்கொண்டிருக்கும்போதே பட்டென்று அணைந்தால் கேம் சென்சாரை (கேம்ஷாஃப்ட்டின் நிலையைச் சொல்லும் சென்சார்) பாருங்கள். எல்லா ஸ்கேனரும் இந்த ஆயில் அளவுகளைக் காட்டாது, ஃபோர்டுக்கென்று எழுதிய ஆப்போ கருவியோ வேண்டும். ஆனால் அதை மாட்டும் முன் டிப்ஸ்டிக்கை ஒருமுறை உருவிப் பாருங்கள். ஆயிலே குறைந்திருந்தால் ஸ்கேனர் காட்டப்போவதும் அதன் விளைவைத்தான்.