தாய்லாந்தில் ஆங்கில ஆசிரியர் வேலை: முகவர்கள் சொல்லாமல் விடுபவை

தாய்லாந்துப் பள்ளிகளில் ஆங்கில ஆசிரியராகச் சேர முயலும் பட்டதாரிகளின் கவனத்திற்காக இதை எழுதுகிறேன். இந்தியாவிலுள்ள ஓர் ஆள்சேர்ப்பு நிறுவனமும் பாங்காக்கில் உள்ள அதன் கூட்டாளி நிறுவனமும் சேர்ந்து என்னை ஏமாற்றிய விதத்தை, பெயர்களைத் தவிர்த்து, ஆவணம் ஆவணமாகச் சொல்கிறேன்; ஏனெனில் மோசடி முழுவதும் காகிதங்களுக்குள்தான் நடந்தது.

அங்கே ஊதியத்திற்குக் கற்பிக்க நான்-இமிக்ரன்ட் பி விசாவும், வேலைவாய்ப்புத் துறை வழங்கும் ஒர்க் பெர்மிட்டும் கட்டாயம் தேவை. தனியார் பள்ளி என்றால், அந்நாட்டுத் தனியார் கல்வி ஆணைய அலுவலகத்தின் ஒப்புதல் கடிதத்தையும் விசா விண்ணப்பத்தோடு தர வேண்டும். பள்ளி உண்மையிலேயே நம்மைத் தேர்ந்தெடுத்திருந்தால், இக்கடிதத்தை நாம் புறப்படும் முன்பே அனுப்புவதில் அதற்குத் தடை எதுவும் இல்லை. எனக்கோ, பள்ளி திறக்கும் நாள் நெருங்கிவிட்டதால் இப்போதைக்குச் சுற்றுலாப் பயணியாக நுழைந்துவிடுங்கள், பிறகு லாவோஸ் எல்லையைத் தாண்டி வியன்டியானில் விசா எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். எல்லோரும் இப்படித்தான் போகிறார்கள் என்றும் சேர்த்துச் சொன்னார்கள். அது பொய்யும் அல்ல. பலர் அப்படிப் போவதுதான் இவர்களுடைய தொழிலுக்கு வசதி. அனுமதியின்றி வேலை செய்து பிடிபட்டால், வெளிநாட்டவர் வேலை குறித்த 2017-ஆம் ஆண்டின் அவசரச் சட்டத்தின்படியும் அதன் 2018 திருத்தத்தின்படியும் 5,000 முதல் 50,000 பாட் வரை அபராதம் கட்டி, நாட்டை விட்டு வெளியேற்றப்பட்டு, அடுத்த 2 ஆண்டுகளுக்கு ஒர்க் பெர்மிட் கேட்கவே முடியாத நிலைக்கு உள்ளாவது ஆசிரியர்தான். விமானச் சீட்டு எடுத்துக் கொடுத்த முகவர் அல்லர்.

மோசடியின் மையம் ஒப்பந்தம். இங்கே நான் கையெழுத்திட்டதில் வேலை 12 மாதம், மாத ஊதியம் 32,000 பாட், வேலை தருபவர் பள்ளி. பாங்காக்கில் இறங்கியதும், அரசு அலுவலகத்தில் தாக்கல் செய்வதற்கு என்று தாய்லாந்து மொழியில் இன்னோர் ஒப்பந்தத்தை நீட்டினார்கள். அதில் வேலை 10 மாதம், ஊதியம் 24,000 பாட், வேலை தருபவர் பள்ளியே அல்ல, அந்தக் கூட்டாளி நிறுவனம். அந்த ஊதியத்திலும் மாதந்தோறும் 2,000 பாட் பிடித்துவைத்து, ஒப்பந்தத்தை முழுமையாக முடித்தால் போனஸாகத் தருவோம் என்று ஒரு விதி இருந்தது. நம்முடைய பணத்தையே நமக்குப் பரிசாகக் காட்டும் இந்த ஏற்பாட்டை நான் வேறெங்கும் கண்டதில்லை.

பத்து மாதம் என்பதன் பொருள் அங்கே போன பிறகுதான் முழுதாகப் புலப்படும். தாய்லாந்தில் கல்வியாண்டு மே மாத நடுவில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது; நடுவே அக்டோபரில் விடுமுறை. பத்து மாத ஒப்பந்தக்காரருக்கு மார்ச்சுக்குப் பிறகான நீண்ட விடுமுறையில் ஊதியம் இல்லை என்பதோடு, தங்கும் அனுமதி வேலையைச் சார்ந்தது என்பதால், வேலை முடியும்போது அதுவும் முடிகிறது. அதற்குப் பிறகு தங்கினால் நாளொன்றுக்கு 500 பாட் வீதம், 20,000 பாட் வரை அபராதம். வேலை தருபவர் முகவரே என்றால், பள்ளிக்கு நம்மைப் பிடித்திருந்தாலும் அவர் ஒரு கடிதம் எழுதி நம்மை நாட்டை விட்டே கிளப்பிவிடலாம். என் பெயரில் பள்ளி செலுத்திய தொகை எனக்குக் கிடைத்ததைவிட ஏறக்குறைய இருமடங்கு என்பதைப் பள்ளியின் கணக்கர்தான் இரக்கப்பட்டுக் காட்டினார்.

தங்குமிடத்திலும் இதே கதை. வெளிநாட்டவர் குடிவந்தால் 24 மணி நேரத்திற்குள் டி.எம்.30 படிவத்தின் வழியே குடிவரவு அலுவலகத்திற்குத் தெரிவிக்க வேண்டியவர் வீட்டு உரிமையாளர். அவர் செய்யத் தவறியதற்கான அபராதம் என் ஊதியத்தில் கழிக்கப்பட்டது. 90 நாளுக்கு ஒருமுறை முகவரியைத் தெரிவிக்க வேண்டியிருக்கிறது என்ற சாக்கில் பாஸ்போர்ட்டையும் அவர்களே வைத்துக்கொண்டார்கள். வேலையாளின் ஆவணத்தைப் பறித்துவைப்பது அந்நாட்டுச் சட்டப்படி குற்றம் என்று எழுத்து மூலம் சொன்ன பிறகே திரும்பத் தந்தார்கள்.

நான் வேலையை விட்டது இவற்றால் அல்ல, ஒரு போலிச் சான்றால். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட நாட்டவரின் பட்டியலில் இந்தியர் இல்லை என்பதால், நம்மிடம் டோயிக் போன்ற ஆங்கிலத் திறன் தேர்வு ஒன்றின் மதிப்பெண் கேட்கப்படுகிறது. ஆசிரியர் உரிமம் இல்லாமல் கற்பிப்பதற்கான தற்காலிக விலக்குக் கோரி விண்ணப்பிக்கப் பள்ளி என் கோப்பை எடுத்தபோது, நான் எழுதவே எழுதாத டோயிக் தேர்வின் மதிப்பெண் சான்று அதில் இருந்தது. போலிச் சான்றை யார் தயாரித்திருந்தாலும், விண்ணப்பத்தில் இருப்பது ஆசிரியரின் பெயர். ஆகவே, அனுப்பப்படும் கோப்பின் முழு நகலையும் கேட்டு வாங்கி, ஒவ்வொரு பக்கமாகப் பாருங்கள். தர மறுத்தால் அந்த வேலை வேண்டாம்.

1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி இங்கே ஆள்சேர்ப்பவர் பதிவு பெற்றிருக்க வேண்டும். வேலை தேடுபவரிடம் 30,000 ரூபாயும் அதற்குரிய ஜி.எஸ்.டி.யும் தவிர வாங்கக்கூடாது. பதிவு எண்ணை வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் எவரும் சரிபார்க்கலாம். என்னிடம் இதைப் போலப் பல மடங்கு வாங்கியவர்கள், ரசீதில் ஆசிரியர் பயிற்சிக் கட்டணம் என்று எழுதியிருந்தார்கள். வெளிநாட்டு வேலைக்குச் செல்வோருக்கான அரசு அலுவலகமான குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தில் நான் அளித்த புகாருக்கு, நாங்கள் பயிற்சி மட்டுமே நடத்துகிறோம், யாரையும் வேலைக்கு அனுப்புவதில்லை என்பதே அவர்களின் பதில். வேலை உறுதி என்று அவர்கள் அனுப்பிய மின்னஞ்சல்களையும் இரண்டு ஒப்பந்தங்களையும் இணைத்து மறுப்பு அளித்திருக்கிறேன். பணம் இன்னும் வரவில்லை.