வாசல் புல்தரைக்கு அருகம்புல்லா, கொரியன் புல்லா?

பெங்களூரு எலஹங்கா பக்கம் எங்கள் வீட்டு முன்னால் 300 சதுர அடி மண் காலியாகக் கிடந்தது. 2022 மழைக்காலத்தில் அதில் புல் போடலாம் என்று சித்தாப்புரா நர்சரிகளைச் சுற்றி வந்தேன். போன கடையிலெல்லாம் கொரியன் புல்லைத்தான் எடுத்துக் காட்டினார்கள். நான் அருகு போட்டேன். “ஏன்டி, வரப்புல கெடக்குற புல்லக் காசு குடுத்தா வாங்குன?” என்று ஊரிலிருந்து வந்த அம்மா கேட்டார். பக்கத்து வீட்டில் அதே மாதம் கொரியன் போட்டார்கள். ஒரே செம்மண், ஒரே வெயில், நடுவில் ஒரு கம்பி வேலி. அதனால் இரண்டையும் தினமும் சேர்த்துப் பார்க்க வாய்த்தது.

அழகில் கொரியன்தான் மேல். ஊசி ஊசியாக இலை, வெறுங்காலுக்கு மெத்தென்று இருக்கும். வெட்டும் வேலையும் குறைவு. ஆனால் ரொம்ப நாள் விட்டுவிட்டால் தரை மேடுமேடாகப் புடைத்துவிடும். மழைக்காலத்தில் அருகுக்கு வாரம் ஒரு வெட்டு கட்டாயம். விலையில் அருகு மலிவு.

என்னைப் பொறுத்தவரை முடிவு செய்தது தண்ணீர். 2024 மார்ச்சில் குடிநீரைச் செடிகளுக்கு ஊற்றினால் 5000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது. எங்கள் போர்வெல் அதற்கு முன்பே கை விரித்திருந்தது. லாரித் தண்ணீர் சமையலுக்கும் குளிக்கவுமே சரியாகப் போயிற்று. அரிசி கழுவிய தண்ணீர் துளசிக்கும் கறிவேப்பிலைக்கும் போனது. புல்லுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. ஏப்ரல் முழுக்க மழையும் இல்லை. வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒன்றுபோல வைக்கோல் நிறம்.

மனசு கேட்காமல் ஒரு நாள் களைக்கொத்தியால் ஓரமாகக் கிளறிப் பார்த்தேன். மேலே தொட்டால் நொறுங்குகிறது. அரைச் சாண் கீழே அருகின் தண்டு வெள்ளையாக, கெட்டியாக ஓடுகிறது. நகத்தால் கீறினால் ஈரம். கணுவுக்குக் கணு கூர்மையான முளை. “ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரோடி” என்று கல்யாணத்தில் வாழ்த்துவது எதைப் பார்த்து என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

ஜூன் 2 அன்று ஒரே நாளில் 111 மில்லிமீட்டர் மழை கொட்டியது. அடுத்த பத்துப் பன்னிரண்டு நாளில் எங்கள் வாசல் முழுக்கப் பச்சை. கொரியனுக்கும் அடித்தண்டு உண்டுதான், ஆனால் அதன் வளர்ச்சி மந்தம். வெட்டும் வேலையைக் குறைத்த அதே குணம், சொட்டை விழுந்த இடத்தை மூடவிடாமல் இழுத்தடித்தது. தீபாவளி வரை திட்டுத்திட்டாக மண் தெரிந்தது. கடைசியில் நாலைந்து புல்பாய் புதிதாக வாங்கி ஒட்டுப்போட்டார்கள். ஒரே ஒரு கடும் கோடையை வைத்து, இரண்டே வாசலைப் பார்த்துச் சொல்கிறேன். தண்ணீர் தாராளமாக உள்ள வீட்டில் கணக்கு மாறலாம்.

நடுவது எளிது. ஒரு சாண் ஆழம் கொத்தி, கோரைக்கிழங்கை ஒன்று விடாமல் பொறுக்குங்கள். இதில் அவசரப்பட்டால் பிறகு வருஷம் முழுக்கக் கோரை பிடுங்க வேண்டும். மக்கிய சாணி எரு கலந்து, மட்டம் பார்த்து, மூன்று நான்கு கணு உள்ள தண்டுகளை நான்கு விரல் இடைவெளியில் படுக்க வைத்து, நுனி மட்டும் வெளியே தெரிய மூடினால் போதும். ஜூலையில் நட்டது செப்டம்பரில் எனக்கு மூடிவிட்டது.

அருகின் தொல்லை ஓரத்தில்தான். செங்கல் வரிசைக்கு அடியில் புகுந்து ரோஜாப் பாத்திக்கு வந்துவிடும். வருஷம் இரண்டு தடவை மண்வெட்டியால் ஓரம் வெட்டுகிறேன். நிழலும் ஆகாது, அரை நாளாவது நேர் வெயில் வேண்டும். மாமரத்தடியில் அது நூலாக இளைத்து நின்றது. உங்கள் வாசல் பாதி நிழல் என்றால் கொரியனே பரவாயில்லை.

தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் ஒரு முழ அகலத்துக்கு மட்டும் நான் வெட்டுவதில்லை. ஒட்ட வெட்டிய புல்லில் பிள்ளையாருக்குக் கட்டும் அளவு நுனி கிடைக்காது. இப்போது சதுர்த்திக்கு அம்மா அங்கேதான் பறிக்கிறார்.