ஆறு வருஷமாக ஒரே 85 மி.மீ. லென்ஸ்

ஆறு வருஷமாக என் கேமராவில் முக்கால்வாசி நேரம் மாட்டியிருப்பது ஒரு 85 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் (மி.மீ. கூடினால் காட்சி நெருங்கித் தெரியும்; எஃப் எண் குறைந்தால் லென்ஸ் திறப்பு பெரிதாகும், பின்னணி அதிகம் கரையும்). கம்பெனி பெயர் எதற்கு? பெரிய கம்பெனிகள் பலவற்றில் இந்த அளவில் ஒன்று உண்டு. செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். முதல் நான்கு வருஷம் சின்ன சென்சார் (படம் பதியும் சிப்) கேமராவில் ஓடியது, அப்புறம் ஃபுல் ஃபிரேமில், அதாவது பெரிய சென்சாரில்.

வாங்க வைத்தது பாட்டி. கேமராவோடு வந்த 18-55 மி.மீ. ஜூம் லென்ஸை 24-ல் வைத்து, ஒன்றரை அடி தூரத்தில் குனிந்து, முகம் நிறைய ஒரு படம் எடுத்துக் காட்டினேன். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தவர், "ஏன்டா, என்னைப் படம் எடுத்தியா, என் மூக்குத்தியை எடுத்தியா?" என்றார். சரியாகத்தான் கேட்டார். மூக்கு புடைத்துக்கொண்டு முன்னால் நிற்க, காது இரண்டும் எங்கேயோ பின்னால் கிடந்தன.

அன்றைக்கு லென்ஸைத் திட்டினேன். குற்றவாளி தூரம் என்று புரிய ஒரு வருஷம் ஆனது. மூக்கு நுனிக்கும் காதுக்கும் 12 செ.மீ. இடைவெளி என்று வைத்துக்கொள்வோம். கேமரா மூக்கிலிருந்து 50 செ.மீ. தள்ளி இருந்தால் காது 62-ல் இருக்கும்; காதோடு ஒப்பிட்டால் மூக்கு ஏறக்குறைய கால் பங்கு பெரிதாகப் பதியும். 2 மீட்டர் தள்ளிப்போனால் அந்த வித்தியாசம் 6 சதவீதம்தான். எந்த லென்ஸை மாட்டினாலும் இந்தக் கணக்கு மாறாது. 2 மீட்டரில் நின்று 24-ல் எடுத்து, நடுவில் உள்ள முகத்தை மட்டும் வெட்டிப் பாருங்கள்: 85-ல் எடுத்த அதே மூக்குதான் இருக்கும். பிக்சல் குறையும், பின்னணி அவ்வளவாகக் கரையாது, அவ்வளவே. முகம் ஃபிரேம் நிறைய வேண்டுமென்றால் 85 நம்மைப் பின்னால் போக வைக்கும். அதற்குத்தான் நான் காசு கொடுத்திருக்கிறேன். கை நீட்டி எடுக்கும் செல்ஃபியில் மூக்கு பெரிதாவதற்கும் இதே காரணம்தான்.

ஆனால் பின்னால் போக வீட்டில் இடம் வேண்டுமே. எங்கள் ஹால் பத்துக்குப் பன்னிரண்டு அடி. சின்ன சென்சார் காட்சியின் நடுப்பகுதியை மட்டும் பிடிக்கும்; அதில் 85-ஐ மாட்டினால் தலையும் தோளும் வரவே இரண்டேகால் மீட்டர் வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்த ஆளை முழுசாக எடுக்க 5 மீட்டர். நின்றால் கிட்டத்தட்ட 7. பாட்டியை ஜன்னலோரம் உட்கார வைத்துவிட்டு, நான் சமையலறைக்குள் போய், கேஸ் அடுப்பு மேடையில் முதுகு இடிக்க நின்று, வாசல்நிலை வழியாக எடுத்தேன். கேமரா மூஞ்சிக்கு நேரே இல்லாததால் அவர் பக்கத்து வீட்டு அக்காவோடு விட்ட பேச்சைத் தொடர்ந்துவிட்டார். இன்றும் ஹாலில் மாட்டியிருப்பது அந்தப் படம்தான். சின்ன சென்சார் வைத்துக்கொண்டு வீட்டுக்குள்ளேயே எடுப்பவர்கள் 50 எஃப் 1.8 வாங்கினால் போதும், விலையும் குறைவு. ஃபுல் ஃபிரேமுக்கு மாறிய பிறகு தலை-தோள் படங்கள் ஒன்றரை மீட்டருக்குள் அடங்கிவிட்டன.

ஆங்கிள் விஷயத்தில் இந்த லென்ஸ் ரொம்பப் பொறுமைசாலி. அரை மீட்டரில் நின்று கேமராவை 10 செ.மீ. உயர்த்தினால் பார்வைக் கோணம் 11 டிகிரி மாறும். 2 மீட்டரில் அதே 10 செ.மீ.க்கு 3 டிகிரிகூட மாறாது. அதனால் சின்னத் தப்புகள் முகத்தில் தெரிவதில்லை. இருந்தாலும், உட்கார்ந்திருப்பவரை நான் நின்றபடியே எடுத்த படங்களில் நெற்றி பெரிதாகவும் தாடை சிறுத்தும் வந்தன. இப்போது முட்டி போட்டு லென்ஸைக் கண் மட்டத்துக்குக் கொண்டுவருகிறேன். இரட்டைத் தாடை உள்ளவர்களுக்குக் கண் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே வைத்து, முகத்தை லேசாக முன்னால் நீட்டி இறக்கச் சொல்வேன். கேட்பவர்களுக்கு ஆமை மாதிரி இருக்கிறதே என்று சிரிப்பு வரும், படத்தில் தாடைக் கோடு பளிச்சென்று வரும். முழு உருவத்துக்கு இடுப்பு உயரம். நெஞ்சு உயரத்திலிருந்து கீழே சாய்த்தால் கால் குட்டையாகிவிடும்.

இந்தப் பொறுமையே குறையாகவும் ஆகும். 2000-ல் அமெரிக்காவின் எஸ்கொயர் இதழின் அட்டைக்காக பிளாட்டன் என்ற புகைப்படக்காரர் எடுத்த, அப்போதைய அமெரிக்க அதிபர் பில் கிளிண்டனின் படம் நினைவிருக்கலாம்: தாழ்ந்த கோணம், அகலமான லென்ஸ், முட்டியும் கைகளும் நம் மேல் வந்து விழும். தெரிந்த சிலம்பம் வாத்தியாரை அப்படி எடுக்கலாமென்று 85-ஐ வைத்துக்கொண்டு தரையில் படுத்தேன். மனிதர் பேருந்து நிறுத்தத்தில் நிற்பவர் மாதிரி வந்தார். 24-க்கு மாற்றி நெருங்கிப் போனதும்தான் கம்பு வானத்தைக் கிழித்தது.

மற்ற குறைகள். ஃபுல் ஃபிரேமில், ஒன்றரை மீட்டரில், எஃப் 1.8-ல் ஃபோகஸ் ஆழம் (முன்பின்னாகக் கூர்மையாகத் தெரியும் பகுதி) சுமார் 3 செ.மீ.தான். முகம் கொஞ்சம் திரும்பியிருந்தால் ஒரு கண் கூர்மை, மற்றது மங்கல். முதல் வருஷம் பாதிப் படங்கள் இப்படித்தான் போயின; இப்போது 2.8-லிருந்து 4-க்குள் வைக்கிறேன். வெயிலில் வெள்ளை வேட்டி ஓரத்தில் ஊதா நிறம் கசியும், 2.8-க்குப் பிறகு பெரும்பாலும் காணாமல் போகும். ஒரு மழைக்காலம் முழுக்கப் பையிலேயே விட்டதில் உள்ளே சிலந்தி வலை மாதிரி ஃபங்கஸ் பிடித்தது. சர்வீஸுக்குக் கொடுத்தேன். ஃபங்கஸ் போய், அதற்குப் பதிலாக இரண்டு தூசியோடு திரும்பி வந்தது. இப்போது காற்றுப் புகாத முறுக்கு டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு இருக்கிறது.

இன்னொன்று, 85 செ.மீ.க்கு உள்ளே இதில் ஃபோகஸ் ஆகாது. போன தீபாவளிக்குப் பாட்டி தன் மூக்குத்தியை மட்டும் பெரிதாக ஒரு படம் கேட்டார், பேத்திக்கு அதே மாதிரி செய்யக் கொடுக்க. பரணில் ஏறி அந்தப் பழைய 18-55-ஐத் தேடி எடுத்தேன்.